பால் கொடுக்கும் காலத்தில் ஆன்லைன் ஸ்டைலிங் பாக்ஸ் எடுக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஜனவரி கடைசியில் சிசேரியனில் பிள்ளை பிறந்திருக்கிறது. இப்போது அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறீர்கள். ஜூனில் பாளையங்கோட்டையில் பள்ளி வேலைக்குத் திரும்ப வேண்டும். பழைய சுடிதாரும் ஜாக்கெட்டும் ஏறவில்லை. கைப்பிள்ளையோடு திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலும் டவுனிலும் கடை ஏறி இறங்க முடியாது. அதனால் ‘பெர்சனல் ஸ்டைலிஸ்ட்’ ஒருவர் ஐந்து உடுப்பைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு அனுப்பும் ஆன்லைன் சேவைக்குப் பணம் கட்டலாமா என்கிறீர்கள். இதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: இன்னும் மாறிக்கொண்டிருக்கும் உடம்புக்கு இப்போது துணி எடுத்தால் வீணாகிவிடாதா? இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். துணி, அளவு, தையல் பற்றி நான் சொல்வது தொழிலில் கண்டது. உடம்பைப் பொறுத்தவரை, துணி எங்கே படுகிறது, எங்கே அழுத்துகிறது என்பது வரைக்கும்தான் தையல்காரர் பேசலாம். காயத்தில் வலி, மார்பில் கட்டி, காய்ச்சல் என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

மாதாமாதம் பாக்ஸ் வரும் திட்டம் உங்களுக்கு இப்போது வேண்டாம். ஒரே ஒரு முறை வீடியோ காலிலோ சாட்டிலோ ஆலோசனை சொல்லி, எதை எங்கே வாங்கலாம் என்று பட்டியல் தரும் சேவை என்றால் எடுக்கலாம். அதிலும், அளவையும் நிபந்தனைகளையும் நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் கட்டிய பணத்துக்குப் பலன் உண்டு.

காரணம் இந்தச் சேவைகள் நடக்கும் விதத்தில் இருக்கிறது. முதலில் ஒரு கேள்வித்தாள் வரும்: உயரம், எடை, வழக்கமான சைஸ், பிடித்த நிறம், பட்ஜெட். அந்தப் பதில்களை வைத்துக் கம்ப்யூட்டர் நிரல் ஒன்று சரக்கிலிருந்து கொஞ்சம் பொறுக்கித் தரும், அதிலிருந்து ஸ்டைலிஸ்ட் இறுதியாகத் தேர்ந்தெடுப்பார். 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டிச் ஃபிக்ஸ் என்ற நிறுவனம்தான் இந்த முறையைப் பெரிதாக்கியது. அது பல வருஷம் வைத்திருந்த முறை இது: 20 டாலர் ஸ்டைலிங் கட்டணம், ஐந்து பொருள், ஏதாவது வாங்கினால் கட்டணத்தைப் பில்லில் கழித்துக்கொள்வார்கள், ஐந்தையும் வைத்துக்கொண்டால் 25 சதவீதத் தள்ளுபடி. இங்கே நீங்கள் பார்க்கும் விளம்பரங்களிலும் ஏறக்குறைய இதே வடிவம்தான். அந்தக் கேள்வித்தாளில் பெரும்பாலும் ‘பால் கொடுக்கிறீர்களா, எத்தனை மணிக்கு ஒருமுறை, முன்பக்கம் திறக்க வேண்டுமா’ என்று கேட்கும் இடமே இருப்பதில்லை. கேட்காத விஷயத்துக்கு ஏற்ற துணி பாக்ஸில் வராது. எவ்வளவு கெட்டிக்கார ஸ்டைலிஸ்ட்டாக இருந்தாலும், கையில் இருக்கும் சரக்குக்குள்தான் அவர் தேட முடியும்.

‘எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் தள்ளுபடி’ என்பதைத் தாளில் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு பொருள் 1,500 ரூபாய், ஐந்துக்கு 7,500. 25 சதவீதம் போனால் 5,625. உங்களுக்குச் சரியாக இருப்பது மூன்றுதான் என்றால் அதன் விலை 4,500. தள்ளுபடிக்காக மீதி இரண்டையும் வைத்துக்கொண்டால், போடாத இரண்டு உடுப்புக்கு 1,125 கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். நான்கு சரியாக இருந்தால் மட்டுமே (நான்கின் விலை 6,000) கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். பால் கொடுக்கும் அம்மாவுக்கு ஐந்தில் நான்கு சரியாக வருவது அபூர்வம்.

இப்போது துணி எடுப்பது வீணா என்பதற்கு வருகிறேன். கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும், அது உங்களுக்கு முடிந்துவிட்டது. பால் சுரப்பும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் பிள்ளையின் தேவைக்கு ஏற்ப அடங்கிவிடும். ஆகவே இந்த நேரத்தில் மார்பளவு ஓரளவு நிலைத்திருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் பிள்ளைக்குக் கூழும் சோறும் பழக்கும்போது மெல்லக் குறையும், பால் மறக்கடிக்கும்போது இன்னும் குறையும். இடுப்பும் வயிறும் அப்படியில்லை. அவை எப்போது எவ்வளவு வற்றும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது, ஆளுக்கு ஆள் மாறும். எனவே மார்புக்குச் சரியான அளவில் எடுங்கள், இடுப்பில் மட்டும் நாடா, எலாஸ்டிக், பக்கக் கயிறு என்று கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கட்டும். அப்படி மூன்று நான்கு உடுப்பு மட்டும் எடுத்தால் வீணாகாது. ‘கொஞ்ச நாளில் மெலிந்துவிடுவேன்’ என்று ஒரு சைஸ் சின்னதாக எடுப்பதுதான் வீண். அது பீரோவில் கிடந்து, திறக்கும்போதெல்லாம் மனதை வருத்தும்.

பழைய எண்ணை நினைவிலிருந்து எழுதாமல், இன்ச் டேப் வைத்து மறுபடியும் அளவெடுங்கள். மார்பை இரண்டு முறை அளக்க வேண்டும்: பால் கொடுத்து முடித்தவுடன் ஒருமுறை, அடுத்த பாலுக்கு முன் நிறைந்திருக்கும்போது ஒருமுறை. ஒரு இன்ச்சும் அதற்கு மேலும் வித்தியாசம் வருவதுண்டு. துணிக்குப் பெரிய எண்ணையே கொடுங்கள். மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி ஒன்று. தொப்புளுக்கு நேராக நின்றபடி ஒன்று, சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒன்று. வீட்டில் பாதி நேரம் தரையில் உட்கார்ந்துதானே பால் கொடுக்கிறீர்கள்? பின்பக்கம் அகலமான இடத்தில் ஒன்று, மேல் கையின் சுற்றளவு ஒன்று. பிறகு தோள் தையலிலிருந்து மார்பு நுனி வரைக்குமான நீளம். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் ஃபீடிங் ஜிப் எங்கே வர வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

சைஸ் அட்டவணையில் ‘உடம்பின் அளவு’, ‘துணியின் அளவு’ என்று இரண்டு வகை உண்டு. எது என்று பார்க்காமல் ஆர்டர் போடுவதுதான் பல ரிட்டர்ன்களுக்குக் காரணம். நிறைந்த நேரத்தில் மார்பு 39 என்றால், இழுபடாத பருத்திக் குர்திக்கு மூன்று நான்கு இன்ச் தளர்வு வேண்டும், அதாவது துணி 42 அல்லது 43 இருக்க வேண்டும். அட்டவணை துணியின் அளவைச் சொன்னால் 42 என்று போட்டிருப்பதை எடுங்கள். உடம்பின் அளவைச் சொன்னால் 40 என்பதே போதும்.

ஃபீடிங் குர்தியில் திறப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். இருபக்கமும் தோளிலிருந்து இறங்கும் தையலுக்குள் மறைவாக ஜிப் வைத்தது வெளியே தெரியாது, பள்ளிக்கு ஏற்றது. அந்த ஜிப் ஏழெட்டு இன்ச் நீளமாவது இருக்க வேண்டும். மார்பு நுனிக்கு மூன்று இன்ச் மேலே தொடங்கி, நாலைந்து இன்ச் கீழே முடிய வேண்டும். ஐந்து இன்ச் ஜிப் வைத்தவை விலை மலிவாகக் கிடைக்கும். திறந்தால் துணி விளிம்பு பிள்ளையின் மூக்கில் அழுத்தும், பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பிள்ளைக்குப் பால் பிடிக்கவில்லையோ என்று வீட்டில் பேச்சு எழும். ஜிப்பின் பின்னால் ஒரு இன்ச் பட்டி வைத்துத் தைத்திருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டி இல்லாவிட்டால் உங்கள் தோலும் மாட்டும், தாலிக்கொடியும் மாட்டும். ஜிப் நைலானில் இருக்கட்டும், உலோகப் பல் வேண்டாம். நடு மார்பில் பட்டன் வைத்த குர்தி அவ்வளவு மறைவாக இராது, ஆனாலும் ஜிப் போல மக்கர் பண்ணாது. ஒரு பட்டன் போனால் நீங்களே தைத்துக்கொள்ளலாம். மார்புக்குக் கீழே குறுக்காக ஜிப் வைத்தவை நைட்டிக்குச் சரி, பஸ்ஸில் உட்கார்ந்து கொடுக்க லாயக்கில்லை. பக்கத்தில் வெட்டு இல்லாத நீளக் குர்தியைத் தூக்கிப் பால் கொடுக்க முடியாது. ஸ்டைலிஸ்ட் அதைத்தான் ‘வயிறு தெரியாது’ என்று முதலில் காட்டுவார், கவனம்.

ஏற்கெனவே உங்களிடம் அப்படித் தோளிலிருந்து தையல் இறங்கும் குர்தி இருந்து, உடம்பளவும் சரியாக இருந்தால், புதிது வாங்கவே வேண்டாம். அந்தத் தையலைப் பிரித்து இரண்டு பக்கமும் எட்டு இன்ச் மறைவு ஜிப் வைத்துத் தரும்படி பக்கத்துத் தையல்கடையில் கொடுங்கள். புதுக் குர்தி விலையைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

துணி ரகத்தில், நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான் முதல் தேர்வு. கேம்பிரிக், மல்மல் இரண்டும் நல்லவை. மல்மல் மெல்லியது என்பதால் லைனிங் இல்லாமல் வெளியே போட முடியாது. ரேயான் மெத்தென்று விழும், ஆனால் நனைந்தால் பலம் குறையும், முதல் சலவையில் 45 இன்ச் குர்தி ஒன்றரை இரண்டு இன்ச் குறுகுவது சாதாரணம். நீளம் கொஞ்சம் கூட்டியே எடுங்கள். ஜார்ஜெட், கிரேப் போன்ற பாலியஸ்டர் வகையை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். வேர்வையும் பாலும் சேர்ந்து உள்ளேயே நிற்கும். வெளிர் நீலம், சாம்பல் போன்ற வெறும் நிறத்தில் பால் ஒரு சொட்டுக் கசிந்தாலும் வட்டமாகத் தெரியும். அடர்ந்த நிறமும் சிறு பூ அச்சும் அதை மறைத்துவிடும். பால் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீரில் போட்டால் கறை இழையோடு பிடித்துக்கொள்ளும். மார்பைச் சுற்றிக் கண்ணாடி, கல், சம்கி, ஜரிகை எதுவும் வேண்டாம், பிள்ளையின் கன்னம் படும் இடம் அது. சாயம் போகிறதா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியை உள்மடிப்பில் இருபது தடவை தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி வைத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளியில் சேலைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு முதலில் சரியாக வேண்டியது ஜாக்கெட், அதை எந்த பாக்ஸும் தீர்க்காது. நல்ல தையல்காரர் பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருப்பார். முன்துண்டு, பின்துண்டு இரண்டிலும் இருபக்கமும் அரை அரை இன்ச் பிரித்துவிட்டால் மொத்தம் இரண்டு இன்ச் கிடைக்கும். ஜாக்கெட் கையின் தையலையும் சேர்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மார்பு தளர்ந்து கக்கத்தில் மட்டும் பிடிக்கும். ஆனால் ஒன்று: பக்கம் பிரிப்பது சுற்றளவைத்தான் கூட்டும், முன்னால் நிறைவுக்கு இடம் தராது. டார்ட் (மார்பு நிறைவுக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) போட்ட பழைய ஜாக்கெட்டில் மார்பு நுனி இருந்த இடமும் இப்போது இறங்கியிருக்கும். கொக்கி நடுவில் வாய் பிளந்து நின்றால், பிரித்தது போதவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் இழுத்துப் போடாதீர்கள். மார்பை ஒரே இடத்தில் நாள் முழுக்க அழுத்தும் துணி, பால் கட்டிக்கொள்ள வழி செய்யும். அந்த நிலையில் இரண்டு ஜாக்கெட் புதிதாகத் தையுங்கள்: கப் வெட்டு (மார்புக்குத் தனித் துண்டு வெட்டிச் சேர்ப்பது), முன்கொக்கி, பேடு இல்லாமல், உள்ளே மறுபடியும் ஒரு இன்ச் துணி விட்டு. கீழிரண்டு கொக்கியை அவிழ்த்து முந்தானை மறைவில் பால் கொடுப்பது, எந்த ஃபீடிங் குர்தியையும்விடச் சுலபம். பின்கொக்கி, பின்கயிறு ஜாக்கெட்டை ஸ்டைலிஸ்ட் காட்டினால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். சங்கரன்கோவில், வீரவநல்லூர் பக்கத்துப் பருத்திச் சேலை வீட்டில் இருந்தால் இரண்டு முறை அலசிக் கஞ்சியைப் போக்கிக் கட்டுங்கள்.

இன்ஸ்கர்ட்டுக்குக் கயிறு நாடாவை எடுத்துவிட்டு, இரண்டு இன்ச் அகலப் பட்டி வைத்து, கொக்கிக்கு மூன்று இடம் போடச் சொல்லுங்கள். சேலைக்கு உள்ளே இறுக்கமாகப் போடும் ஷேப்வேர் சிசேரியன் தழும்பை அழுத்தும், தாழ்ந்த இடுப்பு லெகிங்ஸின் எலாஸ்டிக் அதன் மேலேயே உட்காரும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை வாங்காதீர்கள். ஃபீடிங் பிரா மூன்று வேண்டும்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று கைவசம். கம்பி வைத்தது வேண்டாம். நடுக்கொக்கியில் சரியாக இருக்கும் சைஸ் எடுத்தால் இருபக்கமும் மாற்ற இடம் இருக்கும். ஆன்லைனில் உள்ளாடையைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால் முதலில் ஒன்று மட்டும் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு மற்ற இரண்டை வாங்குங்கள்.

ஆலோசனைச் சேவை எடுப்பதாக இருந்தால் முதல் மெசேஜிலேயே இப்படி எழுதிவிடுங்கள்: ‘பால் கொடுக்கிறேன், ஒரு கையால் திறக்க வேண்டும். சிசேரியன் ஆகி மூன்று மாதம், தொப்புளுக்குக் கீழே இறுக்கம் கூடாது. வேலைக்குச் சேலை, வீட்டுக்கும் வெளியே போகவும் மூன்று குர்தி. பருத்தி மட்டும், மார்பில் வேலைப்பாடு கூடாது. இவைதான் என் அளவுகள். என்னிடம் ஏற்கெனவே இருக்கும் சேலைகளின் படம் இது, இவற்றோடு சேரும் ஜாக்கெட் நிறம் சொல்லுங்கள்.’ கடைசி வரிதான் ஸ்டைலிஸ்ட்டை உண்மையில் வேலை வாங்கும். பத்துச் சேலைக்குப் பொருந்தும் இரண்டு ஜாக்கெட் நிறத்தை அவர் சரியாகச் சொல்லிவிட்டால், கட்டணம் அதிலேயே வசூலாகிவிடும். படம் கேட்டால் முகத்தை வெட்டிவிட்டு, முழு உடுப்போடு எடுத்ததை அனுப்புங்கள். உள்ளாடையில் படம் கேட்பவர்களிடம் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அளவுக்கு அப்படி ஒரு படம் தேவையே இல்லை.

அவர்கள் சொல்வதில் சந்தேகத்துக்கு உரியவையும் உண்டு. ‘உங்கள் தோலுக்கு இந்த நிற வரிசைதான்’ என்பது டியூப் லைட்டில் எடுத்த போன் படத்தை வைத்துச் சொல்வது. வாசல் வெளிச்சத்தில் எடுத்தால் பதில் மாறும். ஆப்பிள், பேரிக்காய் என்று உடம்பைப் பிரிப்பதும் நிலையான உடம்புக்கே அரைகுறைதான், உங்களுக்கு ஆறு மாதத்தில் மாறிவிடும். பெல்ட் போட்டால் வயிறு சுருங்கிவிடும் என்று விற்பார்கள். பெல்ட் சிலருக்கு எழுந்து நடக்கத் தெம்பாக இருக்கும், அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு எடுத்த அளவில் குர்தி வாங்காதீர்கள்.

பணம் கட்டுமுன் பின்கோடைப் போட்டு இரண்டு விஷயம் பாருங்கள்: கொண்டுவந்து தருவார்களா, திருப்பி எடுக்க வருவார்களா. ஊர்ப்பக்கத்தில் முதலாவது இருந்தாலும் இரண்டாவது பல சமயம் இருக்காது. ஸ்பீட் போஸ்ட்டில் உங்கள் செலவில் அனுப்பச் சொல்வார்கள். அம்மா வீட்டு முகவரி கொடுத்துவிட்டு, பார்சல் வருமுன் பாளைக்குப் போய்விட்டால் திருப்பி அனுப்பும் நாள் தாண்டிவிடும். எங்கே இருப்பீர்களோ அந்த முகவரியைக் கொடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவையுங்கள். டேக்கை அறுக்காமல், உள்ளே பழைய பனியனும் பால் பேடும் போட்டுக்கொண்டு போட்டுப் பாருங்கள். ஒரு சொட்டுப் பால் பட்டாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். போட்டதும் சம்மணமிட்டு உட்காருங்கள், குனிந்து பிள்ளையைத் தூக்குங்கள், தொட்டில் கட்டுவதுபோல் இரு கையையும் உயர்த்துங்கள், ஒரு கையால் ஜிப்பைத் திறந்து மூடுங்கள். இந்த நான்கில் ஒன்று வராவிட்டாலும் திருப்பி அனுப்புங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஆட்டோபே வழியாக மாதாமாதம் பணம் தானாகவே கழியும் திட்டமா என்று பாருங்கள். சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டுவைக்கக் கூடாது என்று 2020இன் மின்வணிக நுகர்வோர் விதிகளே சொல்கின்றன. யூபிஐ ஆட்டோபேயை உங்கள் ஆப்பிலேயே நிறுத்திவிடலாம். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குர்தி ஆர்டரைப் பத்து நாள் கழித்துப் போட்டாலும் பரவாயில்லை. ஜாக்கெட்டை மட்டும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். மே பாதிக்கு மேல் தையல்கடையெல்லாம் பள்ளிச் சீருடை குவிந்துகிடக்கும், பிரித்துத் தைக்கும் வேலையை யாரும் கையில் வாங்க மாட்டார்கள்.